என்.சி.சி ‘சி’ சான்றிதழ்: சேரும் நாள் முதல் கையில் வாங்கும் வரை

என்.சி.சி.யில் (தேசிய மாணவர் படை) சேர்ந்தால் வேலை நிச்சயம் என்று சீனியர்கள் சொல்வது பாதிதான் உண்மை. வேலையை யாரும் எடுத்துத் தருவதில்லை. போட்டியில் சலுகை உண்டு, அதுவும் எந்தச் சான்றிதழ் (ஏ, பி, சி என மூன்று; ‘சி’தான் மேல்நிலை), அதில் என்ன கிரேடு என்பதைப் பொறுத்தது. அதனால் பலன் என்ன என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்ப கல்லூரியின் மூன்று வருடத்தையும் திட்டமிடுவதே சரி.

பெரிய பலன், ராணுவத்தின் என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி. பட்டப்படிப்பில் 50 சதவீதம், ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடு, வயது 19 முதல் 25, திருமணமாகாதவர். இவ்வளவு இருந்தால் ராணுவ அதிகாரிகளுக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி. (படைத் தேர்வு வாரிய) நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்து நாள் எஸ்.எஸ்.பி.யும் மருத்துவப் பரிசோதனையும் எல்லோருக்கும் போலத்தான். அங்கே சான்றிதழுக்கு மதிப்பெண் கிடையாது. தேறினால் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் (ஓ.டி.ஏ.) 49 வாரம் பயிற்சி. ஓ.டி.ஏ. நம் சென்னைப் பரங்கிமலையிலேயே இருக்கிறது.

அடுத்து, எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) மத்தியக் காவல் படைகளுக்காக நடத்தும் ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வு. மொத்த மதிப்பெண்ணில் ‘சி’ சான்றிதழுக்கு 5 சதவீதம், ‘பி’க்கு 3, ‘ஏ’க்கு 2 என்று ஊக்க மதிப்பெண் சேரும். 160 மதிப்பெண் தேர்வில் ‘சி’ வைத்திருப்பவருக்கு 8. அரை மதிப்பெண்ணில் ஆட்கள் வெளியே நிற்கும் தேர்வு அது என்பதால் இந்த 8 சின்ன விஷயமில்லை.

இனி நடைமுறை. கல்லூரியில் சேர்ந்த முதல் வருடத் தொடக்கத்திலேயே பதிவு நடக்கும். ஓட்டம், உயரம், சின்னதாக ஒரு நேர்காணல். கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். இரண்டாம் வருடம் வந்து கேட்டால் மூன்று வருடப் பயிற்சிக்கு நாள் போதாது, ‘சி’ கனவு அங்கேயே முடிந்துவிடும். படிவத்தில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால் என்று நம் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும். அதை முதலிலேயே சரிசெய்துவிடுங்கள். சீருடைக்கான படித்தொகை கேடட்டின் (என்.சி.சி. மாணவரின்) வங்கிக் கணக்குக்கு வருவதால் கணக்கும் அதே பெயரில் இருப்பது நல்லது.

‘பி’ தேர்வு எழுத இரண்டு வருடப் பயிற்சி, 75 சதவீத வருகை, ஒரு முகாம். ‘சி’க்கு ‘பி’யில் தேறியிருக்க வேண்டும், மூன்றாம் வருட வருகை வேண்டும், மொத்தம் இரண்டு முகாம். பெரும்பாலானோர் தடுக்கி விழுவது வருகையில் அல்ல, முகாமில். பத்து நாள் முகாம் செமஸ்டரோடு மோதும். ‘அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுவார்கள். அடுத்ததில் கல்லூரிக்கு ஒதுக்கிய இடம் குறைவாக இருக்கும். முதல் வருடமே ஒன்றை முடித்துவிட்டால் பிறகு நிம்மதி. முகாமுக்குக் கொசுவலை, தட்டு, டம்ளர், பெட்டிக்கு ஒரு பூட்டு. புது பூட்ஸை முகாமன்றுதான் முதல்முதலில் போடுவது மடத்தனம்: இரண்டாம் நாள் குதிகால் கொப்புளம், மூன்றாம் நாள் மருத்துவரிடம் சிக் ரிப்போர்ட். இரண்டு வாரம் முன்பிருந்தே, கனமான சாக்ஸோடு போட்டு நடந்து பழக்குங்கள்.

டிரில் (அணிநடை) கட்டளைகள் இந்தியில். ஹிந்தி தெரியாதே என்று பயப்பட வேண்டாம், மொத்தம் சில டஜன் சொற்கள்தான். சாவ்தானில் (நேராக நில்) குதிகால் சேர்ந்து, பாதங்களுக்கு நடுவே 30 டிகிரி; விஷ்ராமில் (இயல்பாக நில்) இடதுகால் 12 அங்குலம் விலகும். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் முழங்கால் மடங்குவதிலும், ‘பீச்சே முட்’ (பின்னால் திரும்பு) திரும்பும்போது கை உடம்பைவிட்டு விலகுவதிலும். கட்டளை கொடுக்கவும் சொல்வார்கள். முன்னறிவிப்புச் சொல்லை (‘பீச்சே’) இழுத்து, செயல் சொல்லை (‘முட்’) வெட்டிச் சொல்லாவிட்டால் அணி ஒன்றாகத் திரும்பாது.

துப்பாக்கிச் சுடுதல் .22 ரைஃபிளில், படுத்த நிலையில், ஐந்து ரவுண்டு (தோட்டா). நடுவட்டத்தில் ஒன்று படுவதைவிட ஐந்தும் நெருங்கி விழுவதுதான் கணக்கு. க்ரூப்பிங் என்பது அதற்குத்தான் பெயர். குறிகள் மேலும் கீழுமாகச் சிதறினால் மூச்சை நிறுத்தாமல் சுட்டிருக்கிறீர்கள். பக்கவாட்டில் போனால் டிரிகரை மெல்ல அழுத்தாமல் வெடுக்கென்று இழுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு ரவுண்டுக்கும் கன்னத்தை ரைஃபிளின் பின்கட்டையில் வேறு வேறு இடத்தில் வைத்தால் எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது.

எழுத்துத் தாளில் மேப் ரீடிங்தான் எளிதாக மதிப்பெண் தருவதும், எளிதாகப் பறிப்பதும். வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் ஆறு இலக்க கிரிட் ரெஃபரன்ஸில் கிழக்கு எண் முதலில், வடக்கு எண் பிறகு. இதை மாற்றி எழுதினால் இடம் வேறு எங்கோ போய் நிற்கும், கேள்வி முழுவதும் போச்சு. ட்ரூ (உண்மை), கிரிட் (வரைபடக் கோடு), மேக்னெடிக் (காந்த) என மூன்று வடக்குகளையும் படம் போட்டே பழகுங்கள்; வெறும் மனப்பாடம் கணக்கில் உதவாது. என்.சி.சி. தொடங்கிய ஆண்டு (1948), ‘ஒற்றுமையும் ஒழுக்கமும்’ என்ற குறிக்கோள், பதவி வரிசை போன்ற பொதுக் கேள்விகளுக்கு ஒரு மாலை போதும்.

கிரேடு விஷயத்தை மறுபடி சொல்கிறோம்: ‘சி’ கிரேடோடு தேறிய ‘சி’ சான்றிதழ் ஸ்பெஷல் என்ட்ரிக்குப் பயன்படாது. தேறினால் போதும் என்ற நினைப்போடு தேர்வுக்குப் போகாதீர்கள்.

தேர்வுக்கு முன் யூனிட்டிலிருந்து வரும் பெயர்ப் பட்டியலை ஏ.என்.ஓ.விடம் (கல்லூரியின் என்.சி.சி. பொறுப்பு ஆசிரியர்) கேட்டு வாங்கி, பெயரும் தந்தை பெயரும் ரெஜிமென்டல் எண்ணும் (என்.சி.சி. பதிவு எண்) எழுத்துக்கு எழுத்துச் சரியா என்று பாருங்கள். சான்றிதழில் அச்சாவது அந்தப் பட்டியலில் இருப்பதுதான். அச்சான பின் திருத்த வேண்டுமென்றால் கல்லூரி, பட்டாலியன், குரூப் தலைமையகம் என்று கடிதம் ஏறி இறங்க மாதங்கள் ஆகும், அதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும்.