யானை எண்ட்கேம் நாட்கள்

ஆகஸ்ட் 4

காலை உயர்த்தி வைத்தபடியே இருக்க வேண்டுமாம். மடியில் பரீட்சை அட்டை, அதன்மேல் காந்தச் சதுரங்கப் பலகை. யானை எண்ட்கேமிலிருந்துதான், அதாவது ராஜாக்களும் யானைகளும் சில சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டத்திலிருந்துதான், தொடங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். இருக்கும் காய்கள் குறைவு என்பதால், ஒவ்வொரு காயும் என்ன வேலை செய்கிறது என்பது அங்கேதான் ஒளிவுமறைவில்லாமல் தெரிகிறது. சிப்பாய் கூடுதலாக உள்ளவர் வெல்லும் லூசெனா நிலையை அடுக்கினேன். வெள்ளை ராஜா ஜி-8இல் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை), சிப்பாய் ஜி-7இல், யானை எஃப்-1இல். கறுப்பு ராஜா இ-7இல், யானை ஹெச்-2இல். யானையை எஃப்-4க்கு ஏற்றுவதுதான் உயிர்நாடி: பின்னர் ராஜா வெளியே வந்து செக்குகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஜி-5ஐ அடையும்போது, அந்த நான்காம் வரிசை யானை குறுக்கே வந்து மறைத்துவிடுகிறது. 1497இல் வெளியான லூசெனாவின் நூலில் இந்த நிலையே கிடையாது, 1634இல் வந்த சால்வியோவின் நூலில்தான் இருக்கிறது. ஆனாலும் பெயர் லூசெனாவுக்கே நிலைத்துவிட்டது.

ஆகஸ்ட் 5

வலி. பலகையைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 7

நியூயார்க், 1924, காபாபிளாங்கா – டார்டகோவர். அந்தப் போட்டியின் ஆட்டங்களுக்கு விளக்கம் எழுதிய அலெகைனே அதில் ஆடி மூன்றாம் இடம் பெற்றவர். லாஸ்கர் முதலிடம், உலகச் சாம்பியனாக இருந்த காபாபிளாங்கா இரண்டாமிடம். விளக்கத்தைத் தாளால் மூடி வைத்துவிட்டு, அடுத்த நகர்த்தல் எதுவாக இருக்கும் என்று முதலில் நானே நோட்டில் எழுதுகிறேன்; பிறகுதான் தாளை ஒரு வரி கீழே இறக்குகிறேன். விளக்கவுரை உள்ள ஆட்டத்தைக் கதைபோல வாசித்துக்கொண்டே போனால் எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றும், ஆனால் கையில் ஒன்றும் தங்காது. 35ஆம் நகர்த்தலில் காபாபிளாங்கா தன் ராஜாவை ஜி-3க்குக் கொண்டுபோகிறார். ஒரு சிப்பாய் செக்குடன் போகிறது. ராஜா ஹெச்-4. இன்னொரு சிப்பாயும் செக்குடன் போகிறது. ராஜா ஜி-5, பிறகு எஃப்-6. இரண்டு சிப்பாய்களைக் கொடுத்து அவர் வாங்கியது, ராஜா நிற்பதற்கு ஓர் இடம் மட்டுமே. அந்த இடத்தில் ராஜாவும், ஜி-6இல் சிப்பாயும், ஏழாம் வரிசையில் யானையும் சேர்ந்தவுடன் கறுப்பு ராஜாவுக்கு மூச்சுவிட வழியில்லை.

ஆகஸ்ட் 8

எஃப்-5 சிப்பாயை அவர் ஏன் வெட்டவில்லை? வெட்டக்கூடிய தூரத்தில்தான் ராஜா இருந்தது. இரவு முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்து, விடியற்காலையில் விளக்கைப் போட்டுப் பலகையைப் பார்த்தேன். எதிரியின் அந்தச் சிப்பாய் எஃப் நெடுவரிசையில் நிற்கும்வரை, கீழிருந்து கறுப்பு யானையால் செக் சொல்ல முடியாது. வெட்டியிருந்தால் தன் கூரையைத் தானே பிரித்தது போலாகியிருக்கும். தேவை முடிந்த பிறகு, 42ஆம் நகர்த்தலில், நிதானமாக வந்து அதை எடுத்துக்கொள்கிறார். இதைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சி இன்று மருந்து வேளைவரை நீடித்தது.

ஆகஸ்ட் 11

பக்கத்து வீட்டுப் பையன் வந்திருந்தான். நஜ்டார்ஃப் என்ற ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத்தின் தொடக்க முறையில், இருபது நகர்த்தல்வரை கடகடவென்று ஒப்பிக்கிறான். ஆறாம் நகர்த்தலின் நோக்கம் என்ன என்று கேட்டால், “புக்ல அப்படித்தான் இருக்கு மாமா” என்கிறான். “இன்ஜின்ல போட்டா உடனே தெரிஞ்சிடுமே” என்றும் சொன்னான். சதுரங்கக் கணினி நிரலான அதில் போடலாம், ஆனால் நாம் யோசித்ததை எழுதி முடித்த பிறகு போட வேண்டும். முன்னதாகப் போட்டால் விடை மட்டும் கிடைக்கும், அதைத் தேடும் பழக்கம் வராது.

ஓப்பனிங்குக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ராணி கேம்பிட் மறுப்பு என்ற தொடக்கத்தில் வரும் கார்ல்ஸ்பாத் என்ற சிப்பாய் அமைப்பு. வெள்ளையின் ஏ, பி சிப்பாய்கள் இரண்டும் கறுப்பின் மூன்று சிப்பாய்களை எதிர்த்து முன்னேறுகின்றன. பி-5இல் மோதல் நடந்தபின் கறுப்பின் சி-6 சிப்பாய் துணையற்று நிற்கிறது. அதைக் குறிவைத்து யானைகள் சி நெடுவரிசைக்கு வருகின்றன. ஆக, இந்த ஓப்பனிங் போய்ச் சேரும் இடமே யானை எண்ட்கேம்தான்! எந்த எண்ட்கேமை நோக்கிப் போகிறோம் என்று தெரியாமல் ஓப்பனிங்கை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை.

ஆகஸ்ட் 12

லேசான காய்ச்சல். ஒரு சிப்பாய் குறைவாக உள்ளவர் டிரா செய்யும் பிலிடோர் நிலையில் தற்காப்பவர் யானையை ஆறாம் வரிசையில் வைத்துவிட்டு, அந்த வரிசையிலேயே இங்கும் அங்குமாக நகர்த்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். சிப்பாய் ஆறாம் வரிசைக்கு ஏறிய கணமே யானையைக் கீழே கடைசி வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் சொல்ல வேண்டும். ஒளிந்துகொள்ள எதிரி ராஜாவுக்கு இடமில்லை, டிரா. சிப்பாய் ஏறும்வரை பொறுமையாக இருப்பதுதான் இதில் கடினம். இன்று அந்தப் பொறுமை என்னிடம் இல்லை.

ஆகஸ்ட் 15

ராஜா எஃப்-6. மறுபடியும் அந்த ஆட்டம், இம்முறை பலகை இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு.

ஆகஸ்ட் 17

பையனுடன் ஓர் ஆட்டம் பாதியில் நிற்கிறது. அவன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். அவனுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். அவன் ராஜா டி-6, சிப்பாய் இ-5, யானை ஏ-7. என் ராஜா இ-8. ஆறாம் வரிசையை அவன் ராஜா பிடித்துக்கொண்டதால் பிலிடோர் முறைக்கு இனி வழியில்லை. ஆனாலும் என் யானை இ-1க்குப் போய்ச் சிப்பாயைப் பின்னாலிருந்து கட்டிப்போட முடியும். அவன் ராஜாவை இ-6க்குக் கொண்டுவந்தால் அடுத்து ஏ-8இல் மேட் மிரட்டல் இருக்கிறது. அதனால் என் ராஜா உடனே எஃப்-8க்கு விலக வேண்டும், அதுதான் நெடுவரிசைகள் குறைந்த பக்கம். அவன் ஏ-8இல் செக் சொன்னால் ஜி-7. பிறகு யானைக்கு ஏ நெடுவரிசை, தூரத்திலிருந்து செக் சொல்லப் போதிய இடைவெளி அங்கேதான் இருக்கிறது. நாளை காலை எக்ஸ்ரே. அவன் மாலை ட்யூஷன் முடிந்துதான் வருவான். நகர்த்தல் என்னுடையது, இ-1 என்று நோட்டில் எழுதி மூடி வைத்திருக்கிறேன்.