சிறைகளை நிரப்புவது விளக்கமறியல்

சிறைச்சாலைகள் திணைக்களம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிபரத் தொகுப்பைப் புரட்டிப் பார்ப்பது, நீதிமன்றப் பதிவகத்தில் எழுதுவினைஞனாக இருந்த காலத்திலிருந்தே என்னிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம். இலங்கைச் சிறைகளில் ஏறக்குறைய 12 ஆயிரம் பேருக்கே இடமிருக்க, உள்ளே இருப்போரின் தொகை 30 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்ற செய்தி பத்திரிகைகளில் வரும்போதெல்லாம், திருகோணமலையில் தேநீர்க் கடையிலும் சரி, பள்ளிவாசல் முன்றலிலும் சரி, கேட்கும் விளக்கம் ஒன்றுதான்: குற்றம் பெருகிவிட்டது. இந்த விளக்கத்தை என்னால் அவ்வளவு இலகுவில் ஏற்க முடியவில்லை.

அட்டவணைகளில் முதலில் கவனிக்க வேண்டியது, உள்ளே இருப்பவர்களில் பெரும்பகுதியினர் தண்டனை பெற்றவர்களே அல்லர் என்பதாகும். அண்மைய ஆண்டுகளில் எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும், சிறைகளில் இருப்போரில் பாதிக்கும் மிக அதிகமானோர், வழக்கு முடியுமுன்னரே விளக்கமறியலில் வைக்கப்பட்டுள்ள சந்தேகநபர்கள். இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 100 பேர் விளக்கமறியலுக்கு அனுப்பப்பட்டு, ஒவ்வொருவரும் ஒரேயொரு தவணையோடு, அதாவது வழக்கு அடுத்து அழைக்கப்படும் 14 நாட்களில், பிணையில் வெளியே வந்தால், எந்த நாளிலும் உள்ளே இருப்போர் 1,400 பேர் மட்டுமே. அதே 100 பேர் ஆளுக்கு ஆறு மாதம் தங்க நேர்ந்தால் அந்தத் தொகை 18,000 ஆகிவிடும். கைது ஒன்றுகூடக் கூடவில்லை. கூடியது தவணைகள் மட்டுமே. சிறைத் தொகையைப் பற்றிப் பேசுவோர் கைதுகளை எண்ணுகிறார்களே தவிர, நாட்களை எண்ணுவதில்லை என்பதே என் குறை.

நாட்கள் எங்கே நீள்கின்றன என்று தேடினால், போதைப்பொருள் வழக்குகளில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. நஞ்சு, அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்துக்கு 1984ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட தூய ஹெரோயினை வைத்திருப்பது மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம். 2022ஆம் ஆண்டின் திருத்தம் ஐஸ் என்று எல்லோரும் அழைக்கும் மெத்தம்பெட்டமைனையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, அதற்கு 5 கிராம் என்று எல்லை வகுத்தது. (1976 ஜூனுக்குப் பின்னர் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பதால், மரண தண்டனை என்பது நடைமுறையில் முடிவில்லாச் சிறைவாசமாகவே இருந்து வருகிறது.) இத்தகைய குற்றச்சாட்டுகளில் நீதவானால் பிணை வழங்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குப் போய் விதிவிலக்கான காரணங்களைக் காட்ட வேண்டும். தூய அளவு 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தையே நாட வேண்டும். ஆனால் கைப்பற்றப்பட்ட பொதியில் தூய ஹெரோயின் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொலிஸாரின் தராசு சொல்லாது. பத்தரமுல்லையிலுள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் அறிக்கை வர வேண்டும். மூதூரிலோ கிண்ணியாவிலோ பிடிபட்ட ஒருவரின் வழக்கேட்டில் "அறிக்கை கிடைக்கவில்லை" என்ற குறிப்பு தவணைக்குத் தவணை திரும்ப எழுதப்படுவதை நானே பார்த்திருக்கிறேன், என் கையாலேயே எழுதியுமிருக்கிறேன். வெளியே பார்ப்பவருக்கு அது ஒரு வரி. உள்ளே இருப்பவருக்கு அது இன்னுமோர் 14 நாள்.

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்றே தொடங்குகிறது. குற்றத்தீர்ப்பின்றி ஒருவரை 12 மாதங்களுக்கு மேல் தடுத்து வைத்தலாகாது என்றும், சட்டமா அதிபர் விண்ணப்பித்தால் மேலும் 12 மாதங்கள் வரை நீடிக்கலாம் என்றும் அது கூறுகிறது. ஆயினும் பிணை குறித்துத் தமக்கெனத் தனி ஏற்பாடுகளைக் கொண்ட சட்டங்களுக்கு அது பொருந்தாது. நாட்பட்ட விளக்கமறியலில் வாடுவோரில் பலர் அத்தகைய சட்டங்களின் கீழ் வந்தவர்களே என்பதால், நல்ல சட்டமொன்று யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கு எட்டாமலே இருக்கிறது.

2010களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 20 ஆயிரமாக இருந்த நாளாந்தத் தொகை பின்னர் ஏறிய விதத்தையும் இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். 2020இல் கொரோனா பரவியபோது, சிறு குற்றங்களுக்காகவும் தண்டப்பணம் செலுத்தாததற்காகவும் உள்ளே இருந்த ஆயிரக்கணக்கானோர் விடுவிக்கப்பட்டனர். அப்படியிருந்தும், அதே ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி மஹர சிறைச்சாலையில் கலவரம் வெடித்து 11 கைதிகள் உயிரிழந்தபோது, ஆயிரம் பேருக்கென அமைந்த அந்தச் சிறையில் 2,500க்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஒரு கதவால் விடுவித்தாலும் மறு கதவால் போதைப்பொருள் கைதுகள் வந்துகொண்டே இருந்தன. 2023 டிசம்பர் 17இல் 'யுக்திய' என்ற பொலிஸாரின் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை ஆரம்பமானதும், சில வாரங்களுக்குள் பல்லாயிரம் பேர் கைது செய்யப்பட்டதைப் பொலிஸார் நாள்தோறும் பெருமையோடு அறிவித்தார்கள். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்திவைக்குமாறு கோரினார்கள். நாட்டில் போதைப்பொருள் அந்த டிசம்பரில் திடீரென்று முளைக்கவில்லை. முளைத்தது ஒரு கொள்கை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், ஆளுநர் நெல்சன் ரொக்பெல்லரின் காலத்தில், 1973ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட சட்டங்களின்படி, 4 அவுன்ஸ் ஹெரோயினை வைத்திருந்தாலே குறைந்தது 15 ஆண்டுகள் சிறை. அப்போது ஏறத்தாழ 13 ஆயிரமாக இருந்த அம்மாநிலச் சிறைத் தொகை, 1999இல் 72 ஆயிரத்தைக் கடந்தது. அதன் பிறகு போதைப்பொருள் கைதுகள் குறைந்தன. 2004இலும் 2009இலும் அந்தச் சட்டங்கள் தளர்த்தப்பட்டன. 2021 அளவில் தொகை 35 ஆயிரத்துக்கும் கீழே இறங்கி, சிறைகள் பல மூடப்பட்டன. அதே காலத்தில் நியூயோர்க்கில் குற்றங்களும் குறைந்தே வந்தன என்பதை, சிறையை நிரப்பினால்தான் ஊர் அமைதியாகும் என்று நம்புவோர் கொஞ்சம் யோசிக்கலாம்.

இங்கே முன்வைக்கப்படும் தீர்வு பெரும்பாலும் கட்டடமாகவே இருக்கிறது. 1876இல் திறக்கப்பட்ட கண்டி போகம்பரைச் சிறை 2014இல் மூடப்பட்டுக் கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டார்கள். 2017இல் அங்குணகொலபெலஸ்ஸ திறக்கப்பட்டது. 1841இல் கட்டப்பட்ட வெலிக்கடையை இடம்மாற்றும் பேச்சும் நெடுநாளாக நடக்கிறது. பழைய சிறைகளின் நிலைமையைப் பார்த்தால் புதியவை வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் தவணைகள் குறையாதவரை எந்தக் கட்டடமும் நிரம்பிவிடும்.

வடக்கு கிழக்கு வாசகர்கள் கேட்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், அமைச்சரின் தடுப்புக் காவல் உத்தரவோடு சிறையல்லாத இடங்களில் தடுத்து வைக்கப்பட்டவர்களும், 2009க்குப் பின் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 12 ஆயிரம் பேரும் சிறைச்சாலைப் புள்ளிவிபரத்துக்குள் வருவதில்லை. ஆகவே வடக்கு கிழக்குக் குடும்பங்களின் அனுபவத்தோடு அந்தப் புள்ளிவிபரம் ஒத்துப்போகாததில் வியப்பில்லை. தடுப்பு உத்தரவின் உச்சக் காலம் 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டதே 2022இல்தான்.

தண்டனை பெற்று உள்ளே போவோரைப் பொறுத்தவரை, அவர்களில் மிகப் பெரிய பகுதியினர் தண்டப்பணத்தைக் கட்ட முடியாமல் போனவர்கள். கசிப்பு வழக்கிலோ அனுமதியின்றி மணல் ஏற்றிய வழக்கிலோ குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு, அன்றைக்கே கையில் பணமில்லாத காரணத்தால் சிறைச்சாலை பஸ்ஸில் ஏற்றப்படுகிறவர்களுக்காக, தண்டப்பணத்தைக் கட்டக் கால அவகாசம் கேட்கவும் பகுதி பகுதியாகச் செலுத்த அனுமதி கோரவும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இடமளிக்கிறது. சட்டத்தரணி இல்லாமல் கூண்டில் நிற்பவருக்கு இது தெரிவதில்லை. உறவினர் எவராவது அப்படி நிற்க நேர்ந்தால், தீர்ப்புச் சொல்லப்படும் அந்த வேளையிலேயே அவகாசத்தைக் கேட்கச் சொல்லுங்கள். பஸ் புறப்பட்ட பிறகு பணம் புரட்டிக்கொண்டு ஓடுவதைவிட அது எவ்வளவோ இலகு.