வால்சிங்கம் மாதாவும் 11 பேரும்

வால்சிங்கம் மாதாவிடம் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் திருப்பலி கண்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஊருக்குள் இடிந்து கிடக்கும் பழைய மடத்தையும் அவசியம் பாருங்கள்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள இச்சிற்றூரில், 1061-இல் ரிச்செல்டிஸ் என்ற சீமாட்டிக்கு மாதா காட்சி தந்து, நாசரேத்துத் திருவீட்டைப் போலவே ஒன்று கட்டச் சொன்னதாகத் தலவரலாறு கூறுகிறது. எட்டாம் ஹென்றி மன்னரே இங்கு வெறுங்காலோடு நடந்து வந்தாராம். அவர் செலவில் மாதாவின் முன் மெழுகுவர்த்தி எரிந்தது. அவர் தள்ளிவைத்த அரசி கேத்தரின், தமக்காக ஒருவர் வால்சிங்கத்துக்குத் திருப்பயணம் போக வேண்டும் என்று மரண சாசனத்தில் எழுதிவைத்தார்.

அதே மன்னர்தான் 1534-இல் ரோமோடு உறவை அறுத்துத் தாமே திருச்சபைக்குத் தலைவரானார். மடங்கள் வரிசையாக மூடப்பட்டன. அதை எதிர்க்கத் திட்டமிட்டதாக 1537-இல் இப்பகுதியைச் சேர்ந்த 11 பேரை மன்னரின் ஆட்கள் கொன்றார்கள். மடத்தின் துணைத் தலைவர் நிக்கோலஸ் மைல்ஹாமை வால்சிங்கத்திலேயே தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டு மடம் பறிபோனது. மாதாவின் திருச்சொரூபத்தை லண்டனுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள்.

மடத்துக் கோயிலில் இன்று ஓங்கி நிற்பது கிழக்குச் சுவர் மட்டுமே. அதன் பெரிய சாளரத்தில் கண்ணாடி இல்லை. வளைவுக்குள் வானமும் மரக்கிளைகளும் தெரிகின்றன. அந்தப் புல்தரையில் முழந்தாளிட்டுச் செபமாலையின் துக்க தேவ இரகசியங்களைச் செபித்தேன்.

இலங்கையின் மடு மாதாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒல்லாந்தர் கொடுமைக்குத் தப்பி, 1670-இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் அவளைக் கொண்டுபோய்க் காத்தவர்கள் நம் முன்னோர். 2008-இல் போர் நெருங்கியபோதும் குருக்கள் அவளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். வால்சிங்கம் மாதாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. துணிந்திருக்கக்கூடியவர்களை முந்திய ஆண்டே கொன்றுவிட்டார்களே!

வால்சிங்கத்திலிருந்து ஒரு மைல் தள்ளியிருக்கும் சிற்றாலயம் தப்பியது, தொழுவமாகவும் களஞ்சியமாகவும். சார்லட் பாய்ட் என்ற பெண்மணி 1896-இல் அதை விலைக்கு வாங்கி மீட்டார். 1934-இல் கத்தோலிக்கரின் தேசியத் திருத்தலமானது. ஊருக்குள் ஆங்கிலிக்கன் சபையினரும் திருவீட்டை மீண்டும் கட்டியிருக்கிறார்கள். அங்கும் போய்க் கும்பிட்டேன்.

கோடையில் தமிழர் திருப்பயணத்துக்குப் போகிறவர்கள், மைல்ஹாமுக்கும் மற்றப் பத்துப் பேருக்கும் ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லுங்கள்.