19 டிகிரி வரை போய்த் திரும்பிய கதை

இன்ஜின் கம்மின்ஸ் 5.9 லிட்டர், 12 வால்வு, பாஷ் பி7100 இன்லைன் பம்ப். சிலிண்டருக்கு டீசல் அனுப்புவது இந்தப் பம்ப்தான். கம்ப்யூட்டர் கிடையாது, டைமிங் (பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் டீசல் போகத் தொடங்குகிறது என்பது) மாற்ற ஸ்பேனர்தான் எடுக்க வேண்டும். டீசலைப் பீய்ச்சும் பெரிய நாசில், பெரிய டர்போ, பம்பில் கூடுதல் டீசல் எல்லாம் போட்டுவிட்டு டைமிங்கை மட்டும் பழைய 12.5 டிகிரியிலேயே விட்டிருந்தேன். பாரத்தோடு மேடு ஏறினால் டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் வெப்பம் 730 டிகிரி செல்சியஸ் காட்டும். 700-ஐத் தாண்டினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது என் வழக்கம். அதனால் பாதி மேடு காலை எடுத்தபடியே போனது.

முதல் வேலை, பிஸ்டன் உண்மையில் உச்சிக்கு வரும் இடத்தைக் கண்டுபிடிப்பது. உச்சியைக் காட்ட இன்ஜினிலேயே இருக்கும் டைமிங் பின்னை நம்பவில்லை. முதல் சிலிண்டரின் ஒரு வால்வு ஸ்பிரிங்கைக் கழற்றி, வால்வைப் பிஸ்டன் மேல் உட்காரவைத்து, அதன் தலையில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் முள் மீட்டர்) வைத்தேன். உச்சியில் பிஸ்டன் சற்று நேரம் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். முள்ளைப் பார்த்து இதுதான் உச்சி என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்கும் இடங்களைக் குறித்து நடுவை எடுத்தேன். (கிராங்கை அதிகம் சுற்றிவிட்டால் வால்வு சிலிண்டருக்குள் விழும். அதன் கழுத்தில் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தேன். அது இல்லாமல் தூக்கம் வந்திருக்காது.)

பிறகு பம்பில் டீசல் வெளியேறும் முதல் டெலிவரி வால்வைக் கழற்றி, டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சர் எத்தனை மில்லிமீட்டர் எழுகிறது என்று அளந்தேன். டைமிங் எத்தனை டிகிரி என்பது இதிலிருந்துதான் தெரியும். எப்போதும் இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்ற வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வர வேண்டும், இல்லையென்றால் கியர் பல்லின் இடைவெளி அளவைக் கெடுத்துவிடும். பம்ப் கியரைப் பிடித்திருப்பது தண்டின் கூம்பு மட்டும்தான், நழுவாமல் பூட்டும் சாவிக்கட்டை (கீ) கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் கியர் வழுக்கலாம். கிளீனர் போட்டு மூன்று முறை துடைத்தேன்.

இனி ஓட்டம். அதே மேடு, அதே பாரம், அதே கியர். டைமிங் 12.5-இல் வெப்பம் 730. 15-இல் 690, புகையும் குறைந்தது. 17-இல் 672. ஆசை விடவில்லை, 19 வைத்தேன்: 666.

முதல் நான்கரை டிகிரிக்குக் கிடைத்தது எவ்வளவு, கடைசி இரண்டு டிகிரிக்குக் கிடைத்தது எவ்வளவு என்று அங்கேயே கணக்குப் போட்டிருக்க வேண்டும். நான் முள் இறங்கியதை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறியது, டர்போ எழத் தாமதித்தது, ஐடிலில் தகரத்தில் ஆணி அடிப்பதுபோல் சத்தம். கூட வந்த நண்பன், "டேய், இது ஓடுற சத்தமா உடையுற சத்தமா?" என்றான். பெரிய நாசில் போட்டால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்.

நான்காம் நாள் காலை, இன்ஜின் முழுக்க ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டேன். கல் மாதிரி இருந்தது. சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. சிலிண்டர்களை மூடும் ஹெட்டைத் தூக்கிப் பார்த்தபோது, அதற்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டில் மூன்றாம் சிலிண்டர் வளையத்திலிருந்து தண்ணீர்த் துளை வரை கரிக்கோடு.

உட்கார்ந்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. டைமிங்கை முன்னால் தள்ளினால் எக்ஸாஸ்ட் குளிரும். ஆனால் எரிதலில் முன்னைவிட அதிகப் பகுதி பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே நடக்கும், சிலிண்டர் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தைக் காட்ட என்னிடம் மீட்டர் இல்லை. 102 மில்லிமீட்டர் போரில் (சிலிண்டரின் விட்டம்) அழுத்தம் 10 பார் கூடினால் ஹெட்டை 800 கிலோவுக்கு மேல் கூடுதலாகத் தள்ளுகிறது.

இன்னொன்று, இந்தப் பம்பில் வேகத்துக்கேற்ப டைமிங்கை மாற்றும் அமைப்பு இல்லை. டீசல் பற்றிக்கொள்ளக் கொஞ்ச நேரம் வேண்டும். ஒரு மில்லிசெகண்டில் கிராங்க் 2500 ஆர்பிஎம்மில் 15 டிகிரி சுற்றும், 1600-இல் 9.6 டிகிரிதான். அதனால் மேல் வேகத்துக்குச் சரியான 19, டார்க் (சுழற்றும் விசை) உச்சத்தில் இருக்கும் 1600-இல் மிக முந்திவிடும். நானோ உயர் கியரிலேயே கால் முழுக்க அழுத்தி மேடு ஏறியிருக்கிறேன். இன்ஜினைக் கொல்ல இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

புதுக் கேஸ்கெட், ஹெட்டை இறுக்கும் போல்ட்டுகளுக்குப் பதில் அதைவிட உறுதியாகப் பிடிக்கும் ஸ்டட். டைமிங் 15.5. அதே மேட்டில் 686. இரண்டாயிரத்துக்குக் கீழே வந்தால் கியரைக் குறைக்கிறேன். ஸ்டட் போட்டாச்சே, 17 வைக்கலாமே என்று நண்பனே இப்போது கேட்கிறான். கணக்குப் பார்த்தால் வெப்பத்தில் குறையப்போவது பதினைந்து டிகிரிகூட இல்லை. தினமும் காலையில் ஹோஸைத் தொட்டுப் பார்க்கிறேன், மெத்தென்று இருக்கிறது.