டவுட் என்றொரு சொல்

“உங்கள் டவுட் சரியாகவே இருந்தது, நன்றி” என்று அந்த அம்மையார் அனுப்பிய மின்னஞ்சலை நான் இன்னும் அழிக்கவில்லை. அதற்கு “மகிழ்ச்சி” என்று நான் அனுப்பிய ஒற்றைச் சொல் பதிலும் அதன் கீழேயே இருக்கிறது. அவர் எழுதிய வரியை விட என் பதில்தான் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அவர் தயாரித்த செலவு மதிப்பீட்டை ஒப்புதலுக்கு அனுப்பும் முன் படித்துப் பார்ப்பது என் வேலை. அட்டவணையின் நான்காவது நெடுவரிசையில் இருந்த தொகைகள் எந்தத் தேதியின் நாணய மாற்று விகிதத்தில் கணக்கிடப்பட்டவை என்பது எனக்கு விளங்கவில்லை. எட்டுப் பேர் இணைந்திருந்த தொலைபேசிக் கூட்டத்தில், வகுப்பறையில் எழுந்து நின்று சந்தேகம் கேட்கும் மாணவனின் பணிவோடு, “ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் ஃபிகர்ஸ்” என்றேன். மறுமுனையில் சற்று நேரம் ஓசையே இல்லை. பிறகு, “எந்த எண்ணை நீங்கள் நம்பவில்லை?” என்று கேட்டார். நான் பதறி, “சின்ன டவுட்தான்” என்றேன். சின்னது என்றால் அவர் மனம் ஆறும் என்று நினைத்தேன். உங்களைக் கொஞ்சம்தான் நம்பவில்லை என்று அல்லவா அது அவர் காதில் விழுந்திருக்கும்! முழுவதையும் மீண்டும் சரிபார்த்து அனுப்புவதாகச் சொல்லி மதிப்பீட்டை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் உடன் பணிபுரியும் நண்பர்தான் விளக்கினார். நாம் கேள்வி என்னும் பொருளில் வழங்கும் டவுட், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரும்பாலோருக்கு நம்பாமையையே குறிக்கும். “ஐ டவுட் இட்” என்றால் அப்படி இருக்காது என்று பொருள். “ஐ சஸ்பெக்ட் இட்” என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பொருள். எதிரெதிர்த் திசையில் போகும் இவ்விரண்டையும் தமிழில் ஒரே சந்தேகம் சுமக்கிறது. “அவர் வருவது சந்தேகம்” என்றால் வரமாட்டார். “அவர்தான் எடுத்திருப்பார் என்று சந்தேகம்” என்றால் எடுத்திருப்பார். ஆசிரியரிடம் கேட்கும் சந்தேகமோ இவ்விரண்டிலும் சேராமல், தெரிந்துகொள்ளும் ஆசையாக மட்டும் நிற்கிறது. இருபது ஆண்டுகளாக ஆங்கிலத்தில் கடிதம் எழுதிச் சம்பளம் வாங்கிய எனக்கு இது ஒருமுறையும் உறைக்கவில்லை.

அன்றிரவு அகராதிகளைப் புரட்டியதில், வழக்கறிஞர் சாட்சி தேடுவது போன்ற வேகம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். சாட்சிகளும் கிடைத்தன. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், “ஐ டவுட் சம் ஃபவுல் ப்ளே” என்னும்போது, சூது நடந்திருக்கிறது என்றே கருதுகிறான். அதாவது, இன்று சஸ்பெக்ட் நிற்கும் இடத்தில் அன்று டவுட் நின்றது. ஸ்காட்லாந்துப் பேச்சில் அந்தப் பழைய வழக்கு இன்றும் உண்டு. சொல்லின் நடுவே ஒலிக்காமல் உட்கார்ந்திருக்கும் ‘பி’ எழுத்துகூட, பிரெஞ்சிலிருந்து அது இல்லாமல் வந்த சொல்லில், லத்தீன் மூலமான ‘துபிதாரே’வை நினைவூட்டப் பின்னாளில் செருகப்பட்டதுதான். ஆங்கிலேயரே இப்படிப் புரட்டிப்போட்ட சொல்லில் நான் தடுக்கி விழுந்ததில் வியப்பில்லை என்று தேற்றிக்கொண்டேன். ஆனால், அந்தக் கூட்டத்தில் எட்டுப் பேர் முன்னிலையில் பதில் சொல்ல நேர்ந்தவருக்கு ஹாம்லெட்டால் என்ன ஆறுதல்?

இரண்டு நாள் கழித்துத் திருத்திய மதிப்பீடு வந்தது. நான் கேட்ட நான்காவது நெடுவரிசையில் ஓர் எண்கூட மாறவில்லை. நான் கவனிக்கவே கவனிக்காத ஏழாவது நெடுவரிசையில், இரண்டு வரிகளில் வரித்தொகை இருமுறை சேர்க்கப்பட்டிருந்ததை அவரே கண்டுபிடித்துத் திருத்தியிருந்தார். அதோடுதான் அந்த நன்றியும் வந்தது. நான் விளக்கம் மட்டுமே கேட்டேன், பிழை உங்கள் கண்ணில் பட்டது என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

விளக்கம் மட்டுமே கேட்டேன் என்பதும் முழு உண்மையா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கூட்டத்துக்கு முந்தைய நாள் நான் அச்செடுத்துப் படித்த தாளில், அந்த நான்காவது நெடுவரிசையைச் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறேன். புரியாததை மட்டும் கேட்க நினைத்தவன் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பான். கேள்வியும் அவநம்பிக்கையும் ஒரே பெயரில் என்னுள் இருந்ததால், எது எது என்று பிரித்துப் பார்க்கும் தேவை எனக்கு நேரவே இல்லையோ என்னவோ.

அதன்பின் டவுட்டைக் கைவிட்டு, எல்லாவற்றுக்கும் கொஸ்டின் என்றே எழுதி வருகிறேன். சில மாதங்களுக்கு முன், வேறொருவர் அனுப்பிய இருப்புக் கணக்கை நான் உண்மையாகவே நம்பவில்லை; ஆனாலும் “ஒரு சிறு கொஸ்டின்” என்றுதான் எழுதினேன். அவர் இரண்டே வரியில் இனிமையாகப் பதில் சொன்னார், நானும் கையொப்பமிட்டேன். பின்பு அந்தக் கணக்கை முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த அம்மையாருக்கு விளக்கி எழுதத் தொடங்கிய கடிதம் ஒன்று வரைவாகவே கிடக்கிறது. “அன்று உங்கள் கணக்கின் மீது எனக்கு இருந்தது” என்பது வரை எழுதியிருக்கிறேன். அடுத்து எந்தச் சொல்லை இடுவது என்பதில் நிற்கிறது.