லால்குடி புல்லட்டின் அம்மீட்டர்

திருச்சி பாலக்கரையில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்புக்கு அந்த 1993 மாடல் புல்லட் வந்தபோது, அதன் உரிமையாளர் கையில் ஒரு துணிப்பையும் இருந்தது. வண்டியை ஸ்டாண்டில் போட்டவர் பையைப் பெஞ்சின் மேல் கவிழ்த்தார். ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் காயில் ஒன்று, இரண்டு கண்டன்சர்கள், காயிலுக்குப் போகும் மின்சாரத்தைச் சுவிட்ச் போல மூடித் திறக்கும் பாயிண்ட் செட் தேய்ந்த நிலையில் ஒன்று, ஒரு ரெக்டிபயர், கண்ணாடி உட்புறம் கருத்துப்போன பின்விளக்கு பல்புகள் ஐந்து. இவை அனைத்தும் ஒன்றரை வருடத்தில் வெவ்வேறு இடங்களில் மாற்றப்பட்டவை. மாற்றிய ஒவ்வொரு முறையும் வண்டி சில நாட்கள் ஒழுங்காக ஓடியிருக்கிறது. பிறகு பழையபடி நடுவழியில் அணைந்திருக்கிறது.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்று லால்குடிப் பக்கம் குடியிருந்த அவர், வண்டியின் குறையைச் சுருக்கமாகச் சொன்னார். “வேகமா போனா ஒண்ணும் பண்ணலை தம்பி. கேட்டு மூடியிருக்குன்னு ஸ்லோ பண்ணினா அணைஞ்சுடுது. அஞ்சு நிமிஷம் விட்டு உதைச்சா வந்துடுது.” போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். அம்மீட்டர் முள் முன்பு போல் ஆடுவதில்லை, ஆனால் மீட்டர் பழசாகிவிட்டது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். நானும் எடுத்துக்கொள்ளவில்லை. பெஞ்சை ஒதுக்கும்போது, பையிலிருந்து விழுந்தவற்றில் காயிலையும் கண்டன்சர்களையும் கையில் எடுத்துப் பார்த்தேன். பல்புகளைக் குப்பை டப்பா பக்கம் தள்ளிவிட்டேன்.

பாயிண்ட் இக்னிஷன் இருந்த காலத்துப் புல்லட்டை ஓட்டாதவர்களுக்கு அம்மீட்டரின் முக்கியத்துவம் விளங்காது. ஹெட்லைட் டூமின் மேல் ஸ்பீடோமீட்டருக்குக் கீழே ஒரு சிறு வட்டத்துக்குள் இருக்கும் அந்த முள், நடுவில் பூஜ்யமும் ஒருபுறம் கூட்டலும் மறுபுறம் கழித்தலுமாக, பேட்டரிக்குள் மின்சாரம் போகிறதா, பேட்டரியிலிருந்து வெளியேறுகிறதா என்பதைக் காட்டுகிறது. ஆனால் பெரும்பாலானோர் அதைப் பார்ப்பது சார்ஜுக்காக அல்ல, உதைப்பதற்காக. 70 மில்லிமீட்டர் போரும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட அந்த ஒற்றைப் பிஸ்டன் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் அடி வாங்கியவர்களுக்கு அது மறக்காது. சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை காயில் வழியாக மின்சாரம் பாய்வதால் முள் கழித்தல் பக்கம் மூன்று, நான்கு ஆம்பியரில் நிற்கும். பாயிண்ட் திறக்கிற கணத்தில் முள் நடுவுக்குத் திரும்பும். அங்கே நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேவிடும் டிகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் சற்று நகர்த்தி, விட்டு, ஒரே உதை. ‘முள்ளை நடுவுல வச்சு உதை’ என்பதுதான் புல்லட் பழகுகிறவன் முதலில் கேட்கும் பாடம். எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்த பிறகு இந்த வித்தைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

சூடானால் அணைவதும் ஆறினால் ஓடுவதும் காயில் கெட்டதற்கான அறிகுறிகள் என்று நான் ஐ.டி.ஐ. படித்த நாளிலிருந்து நம்பி வந்தவன். ஆகவே, ஏற்கெனவே ஒரு முறை மாற்றப்பட்டிருந்தும் மீண்டும் காயிலையே சந்தேகித்தேன். அம்மீட்டரை முழுவதுமாகப் புறக்கணித்தேன் என்றும் சொல்ல முடியாது. சாவியைப் போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் பார்த்தபோது முள் கழித்தல் இரண்டில்தான் நின்றது. மூன்றரைக்கு அருகில் காட்டவேண்டிய இடத்தில் இரண்டு காட்டினால், மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்றுதானே பொருள்? அதையும் சோதித்துவிடலாம் என்று டூமைத் திறந்து, மீட்டரிலிருந்து இரண்டு ஒயர்களையும் கழற்றி, அவற்றுக்கு நடுவே மல்ட்டிமீட்டரைப் பத்து ஆம்பியர் அளவில் வைத்துப் பிடித்தேன். திரையில் 3.4 என்று வந்தது. சந்தேகம் தீர்ந்தது. முள் பொய் சொல்கிறது, வண்டியின் மின்சாரம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டி, ஒயர்களை மீண்டும் அதே மீட்டரில் முடுக்கினேன்.

அந்தச் சோதனையில் நான் செய்த தவறு எனக்கு அன்று புலப்படவில்லை. புதிய காயில் போட்டேன். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.40 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தேன். ஸ்லோ, அதாவது ஆக்ஸிலரேட்டரைத் திருகாதபோது இன்ஜின் ஓடும் வேகம், சற்றுக் குறைவாக இருப்பதாகத் தோன்றியதால் அதையும் ஏற்றிவிட்டேன். காவிரிப் பாலம் வரை போய் வந்தேன். ஒரு முறைகூட அணையவில்லை. பணம் வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் வண்டி திரும்பி வந்தது, இந்த முறை ஒரு குட்டி யானையின் மேல் ஏறி. அவர் கோபப்படவில்லை. பையை எடுத்து, அதிலிருந்து பல்பு ஒன்றைப் பெஞ்சின் மேல் வைத்தார். ஆறாவது பல்பு அது. நான் மறுபடியும் பாயிண்ட் மூடியைக் கழற்றுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், முள்ளைக் காட்டி, “இதைச் சரி பண்ணலையா?” என்று கேட்டார். அது வெறும் காட்டுகிற சாமான்தான் ஐயா, அதற்கும் வண்டி அணைவதற்கும் தொடர்பில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டார். “வீட்டு மீட்டரும் வெறுமனே காட்டுறதுதானே தம்பி. அதோட டெர்மினல் கருகிப்போனா வீட்டுல லைட்டு எரியுமா? எத்தனை வீட்டுக்கு நடுராத்திரி போயி அதைச் சுரண்டி முடுக்கிட்டு வந்திருக்கேன்.”

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்தால் வண்டி நிற்பதில்லை; எரிபொருள் முள் கெட்டால் பெட்ரோல் வருவது நிற்பதில்லை. இந்தப் பழக்கத்தில் அம்மீட்டரையும் அதே வரிசையில் வைத்திருந்தேன். ஆனால் அம்மீட்டர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் கருவி அல்ல. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் அதன் ஒரு டெர்மினலில் நுழைந்து மறு டெர்மினலில் வெளியேறித்தான் சாவிக்கும் காயிலுக்கும் போய்ச் சேருகிறது. இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் தரும் சார்ஜும் எதிர்த்திசையில் அதே வழியாகத்தான் பேட்டரிக்குள் போகிறது. நான் மல்ட்டிமீட்டரை வைத்துச் சோதித்தபோது, குற்றவாளியை வெளியே அனுப்பிவிட்டு அவன் இல்லாத வீட்டில் விசாரணை நடத்தியிருக்கிறேன். 3.4 ஆம்பியர் என்பது அம்மீட்டர் இல்லாதபோது பாய்ந்த மின்சாரம். முள் இரண்டு காட்டியபோது, உள்ளபடியே இரண்டு ஆம்பியர்தான் பாய்ந்திருக்கிறது. மீட்டருக்குள்ளேயே எங்கோ இருந்த தடை மின்சாரத்தைக் குறைத்தது. குறைந்ததை அந்த முள் ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்தது.

இதை உறுதிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒயர் எதையும் கழற்றாமல், சாவியைப் போட்டு, பாயிண்ட் மூடிய நிலையில், மல்ட்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து அம்மீட்டரின் இரண்டு டெர்மினல்களையும் தொட்டேன். நல்ல மீட்டராக இருந்தால் அங்கே ஏறக்குறைய ஒன்றுமே காட்டக்கூடாது. ஐந்து வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டில் ஐந்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் காயிலுக்கு அனுப்பியிருக்கிறது அந்தச் சிறு வட்டம். ஐந்து வோல்ட்டும் இரண்டு ஆம்பியரும் சேர்ந்தால் பத்து வாட் சூடு. டெர்மினலில் விரலை வைத்தவன் உடனே எடுத்துக்கொண்டேன். பிறகு ஸ்க்ரூடிரைவர் பிடியால் மீட்டரின் முதுகில் லேசாகத் தட்டினேன். முள் துள்ளி மூன்றரைக்குப் போயிற்று; மல்ட்டிமீட்டரில் ஐந்து வோல்ட் கால் வோல்ட்டாக இறங்கியது. இன்னொரு தட்டு, பழைய நிலை.

அதன் பிறகு அவர் சொன்ன ஒவ்வொன்றும் தானாக வந்து பொருந்தியது. வேகமாகப் போகும்போது ஆல்டர்னேட்டரின் மின்சாரம் ரெக்டிபயர் வழியாக நேரே காயில் பக்கம் வந்துவிடுவதால் பேட்டரியின் தயவு தேவைப்படவில்லை. வேகம் குறையும்போது ஆல்டர்னேட்டர் தருவது போதாமல் பேட்டரியிடம் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்ட நேரத்தில் வழி அடைபட்டிருந்தால் இன்ஜின் அணைகிறது. நான் ஸ்லோவை ஏற்றியது நோயைக் குணப்படுத்தவில்லை, சில நாட்கள் மறைத்தது. பல்புகளின் கதையும் இதுவே. உபரி மின்சாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய பேட்டரிக்கு வழி சரியாக இல்லாதபோது, ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போதெல்லாம் மின்னழுத்தம் எகிறி, அந்த நேரத்தில் எரிந்துகொண்டிருந்த பல்பின் தலையில் விழுந்திருக்கிறது. ஐந்து கருத்த பல்புகளை முதல் நாளே என் கண்முன் கொட்டிக் காட்டியிருந்தார். பேட்டரி வழியில் எங்கோ தொடர்பு விட்டுப்போகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எந்த மெக்கானிக்குக் கிடைக்கும் என்று தெரியவில்லை.

மீட்டர் வண்டியோடு வந்தது அல்ல; பல வருடங்களுக்கு முன்பு யாரோ மாற்றிப் போட்ட மலிவான சாமான். விளிம்பை மடக்கியிருந்த தகட்டைச் சுற்றிலும் நெம்பித் திறந்து பார்த்தபோது உள்ளே புதிரான எதுவும் இல்லை. ஒரு டெர்மினலிலிருந்து மறு டெர்மினலுக்கு ஒரு பித்தளைப் பட்டை, அதனருகே ஒரு சிறு காந்தமும் முள்ளும், அவ்வளவுதான். டெர்மினல் போல்ட் ஒன்று பட்டையோடு ரிவெட் அடித்துச் சேர்க்கப்பட்ட இடத்தில் நடுவே இருந்த பைபர் வாஷர் சூட்டில் சுருங்கிக் கருகியிருந்தது. அது சுருங்கிய அளவுக்கு ரிவெட் தளர்ந்து, ஒரு மயிரிழை இடைவெளியில் கரும்பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. வெளியிலிருந்து நட்டை முடுக்கியவர்கள், என்னையும் சேர்த்து, தளர்ந்த அந்தப் போல்ட்டை உள்ளே இன்னும் கொஞ்சம் திருகி வைத்திருக்கிறோம்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் பெரும்பாலோர் செய்வது ஒன்று உண்டு. இரண்டு ஒயர்களையும் ஒரே போல்ட்டில் சேர்த்து முடுக்கி, மீட்டரை வெறும் அலங்காரமாக விட்டுவிடுவார்கள். நடுரோட்டில் நின்றுபோன வண்டிக்கு அது சரியான வைத்தியம்தான்; அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம். நானும் அதைத்தான் முதலில் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. அறுபத்தி மூன்று வயதில் முள் பார்க்காமல் உதைக்கத் தம்மால் முடியாது என்றார். புது மீட்டர் வாங்கிப் போடவும் எனக்கு மனமில்லை. முள்ளில் எந்தக் குறையும் இல்லை என்பதை அப்போதுதான் கண்டிருந்தேன். களிம்பைச் சுரண்டி, புது பைபர் வாஷர் வெட்டி வைத்து, ரிவெட்டை மறுபடி அடித்து, அந்த மூட்டைச் சுற்றி ஈயம் வைத்தேன். பித்தளை சூட்டை வேகமாக இழுத்துக்கொள்வதால் ரேடியோவுக்குப் பயன்படும் சிறிய சோல்டரிங் அயர்ன் அதற்குப் போதவில்லை. பக்கத்து ரேடியேட்டர் கடையில் பெரியதை இரவல் வாங்கவேண்டியிருந்தது.

மாட்டிய பிறகு பாயிண்ட் திறந்த நிலையில் நிறுத்தி, சாவியைப் போட்டு, பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். 21 வாட் பல்பு பன்னிரண்டு வோல்ட்டில் இழுக்கக்கூடியது ஒன்றே முக்கால் ஆம்பியர். முள் பூஜ்யத்திலிருந்து நகர்ந்து இரண்டுக்குச் சற்று முன்னால் நின்றது. பிரேக்கை விட்டு, பாயிண்ட் மூடியதும் மூன்றரை. டெர்மினல்களுக்கு இடையே மல்ட்டிமீட்டர் எதையும் காட்டவில்லை. ஸ்லோவைப் பழைய அளவுக்கு இறக்கி, ஒவ்வொரு முறை பாயிண்ட் திறப்பதும் முள்ளின் நடுக்கத்தில் தெரியும்படி இருபது நிமிடம் ஓடவிட்டேன்.

பிறகு ஒரு ஆவலில், அவர் பையிலிருந்த பழைய காயிலை எடுத்து மாட்டிப் பார்த்தேன். அதில் எந்தக் குறையும் இல்லை. நான் விற்ற காயிலைக் கழற்றி வைத்துக்கொண்டு, பழையதையே விட்டுவிட்டு, அதற்கு வாங்கிய பணத்தைக் கூலியில் கழித்தேன். அவர் கண்டன்சர்களையும் ரெக்டிபயரையும் பையில் போட்டுக்கொண்டார். அவையும் நல்லவையாகத்தான் இருக்கும் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. சாவியைப் போட்டு, குனிந்து முள்ளைப் பார்த்தபடி கிக்கரை அழுத்தி, நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, ஒரே உதையில் கிளப்பினார். பெஞ்சில் கிடந்த ஆறாவது பல்பைக் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “இது இங்கேயே இருக்கட்டும் தம்பி” என்று திரும்ப வைத்துவிட்டு லால்குடிக்குப் புறப்பட்டார்.