கடைசிப் பெட்டி

2024 நவம்பர் 24, ஞாயிறு

மதுரையில் அப்பாவின் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். வெள்ளி காலை 7 மணி.

நவம்பர் 26, செவ்வாய்

"டிக்கெட் எடுத்தாச்சுல்ல, போ. போய்ட்டு வந்து கதை சொல்லு." அப்பா இதற்கு மேல் பேசவிடவில்லை.

மூன்று தடவை கணக்குப் போட்டுவிட்டேன். அமெரிக்க மலைப் பகுதி நேரத்துக்கும் (மவுண்டன் டைம்) மதுரைக்கும் பன்னிரண்டரை மணி வித்தியாசம். அங்கே வெள்ளி காலை 7 என்றால் எனக்கு வியாழன் மாலை ஆறரை. சிகாகோவில் நான் ஏறப்போகும் ரயில் அப்போது கிரீன் ரிவர் ஊரைத் தாண்டி யூட்டா பாலைவனத்தில் இருக்கும். அங்கே சிக்னல் கிடைக்குமா?

அப்பா கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்த காலத்தில் வீட்டில் கொண்டாடிய தீபாவளி, எனக்கு நினைவு தெரிந்து நாலு. அம்மா தூக்குச்சட்டியில் முறுக்கும் அதிரசமும் கட்டிக் கொடுப்பாள். எதிர் வண்டிக்கு வழிவிட கூட்ஸ் வண்டி லூப் என்ற பக்கத் தண்டவாளத்தில் நிற்கும்போது, கடைசியில் உள்ள கார்டு பெட்டியான பிரேக் வேனில், தன் சாமான் பெட்டியான லைன் பாக்ஸ் மேல் வைத்துச் சாப்பிடுவாராம். வண்டி எங்கே நிற்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா அந்த ராத்திரிகளை எப்படிக் கழித்தாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

நவம்பர் 27, புதன்

சிகாகோ யூனியன் ஸ்டேஷன். 1925ல் திறந்த கூடம், வழவழத்த மர பெஞ்சுகள். குழுவில் நாங்கள் எட்டுப் பேர். நன்றி சொல்லும் அமெரிக்கப் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் விருந்தை ஓடும் வண்டியில்தான் சாப்பிடுவது என்று வைத்திருப்பவர்கள். மத்தியானம் 2 மணிக்கு கலிபோர்னியா செஃபிர் கிளம்பியது. கலிபோர்னியாவின் எமரிவில் வரை 2,438 மைல், இரண்டு ராத்திரி.

மற்றவர்கள் கண்ணாடிப் பெட்டியில் இடம் பிடிக்கப் போனார்கள். நான் கடைசிப் பெட்டிக்குப் போய்ப் பின்கதவுக் கண்ணாடியில் நின்றேன். தண்டவாளம் விலகி விலகிப் போகிறது. அப்பா வேலையில் இருந்தவரைக்கும் பார்த்தது இதைத்தான். இதுதான் கடைசிப் பெட்டி என்று காட்டும் எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள்) பலகையைப் பின்னால் மாட்டியிருக்கிறார்களா என்று ஏறும்போது பார்க்காமல் விட்டுவிட்டேன்.

நவம்பர் 28, வியாழன், காலை

டென்வரில் இறங்கிக் கடைசிவரை நடந்தேன். பலகை இல்லை. இரண்டு சிவப்பு விளக்கு.

மலை ஏறும் வளைவில் பழைய ஹாப்பர் சரக்கு வேகன்களில் மணல் நிரப்பி நிரந்தரமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், காற்றுக்குத் தடுப்பாக. வண்டியைக் காக்க வண்டியையே நிறுத்தியிருக்கிறார்கள். அப்பாவுக்குச் சொல்ல வேண்டும்.

மொஃபாட் சுரங்கம். 6.2 மைல், 1928ல் திறந்தது. புகை உள்ளே வரும், யாரும் பெட்டி விட்டுப் பெட்டி போகவேண்டாம் என்று அறிவித்தார்கள். பத்து நிமிஷம் போனில் ஒரு கோடுகூட இல்லை. சாயங்காலமும் இப்படியே இருந்தால்?

மத்தியானம்

க்ளென்வுட் பள்ளத்தாக்கு. 1944ல் ஜெனரல் மோட்டார்ஸின் சைரஸ் ஆஸ்பர்ன் இதே வழியில் எஞ்சினில் உட்கார்ந்து போனாராம். டிரைவர் பார்க்கும் இந்தக் காட்சியைப் பயணிகளும் பார்க்க வேண்டும் என்று தோன்றி, அதிலிருந்து பிறந்ததுதான் கண்ணாடி டோம் பெட்டி. 1949ல் ஓடத் தொடங்கிய முதல் செஃபிரில் அந்த டோமில் உட்கார்ந்து போன பெரியவர், எனக்குப் பக்கத்தில் ஆற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பேச்சே இல்லை.

இரவு

சாப்பாட்டுப் பெட்டியில் மேஜைக்கு நாலு பேர். ஐந்து மணி, வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சிவப்புப் பாறையில் வெள்ளை எழுத்தில் கொலராடோ ஒரு பக்கம், யூட்டா மறுபக்கம் என்று எழுதிய எல்லைக் கோட்டைத் தாண்டினோம்.

எதிரே இருந்த பெண்மணி கைப்பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து, வீட்டில் செய்த கிரான்பெர்ரி சாஸை ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தார். புளிப்பு நாக்கில் சுரீரென்றது. நெல்லிக்காய்த் தொக்கு ஞாபகம். பிறகு ஒவ்வொருவரும் யாருக்கு நன்றி என்று சொன்னார்கள். பெரியவர் இறந்துபோன மனைவிக்கு என்றார்.

சமையலறை கீழ்த்தளத்தில். தட்டுகள் சின்ன லிஃப்டில் மேலே வருகின்றன. சமைக்கிறவரை நாங்கள் பார்க்கவே இல்லை. அவர் வீட்டிலும் இன்று ஒரு நாற்காலி காலி. கீழே இருப்பவருக்கு நன்றி என்றேன். அப்பாவைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

ஆறரை. சிக்னல் இல்லை.

6.50. இல்லை.

எல்லோரும் பூசணி பை சாப்பிடக் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விட்டார்கள். நான் பின்கதவில் நிற்கிறேன். வெளியே கும்மிருட்டு.

11.10, சால்ட் லேக் சிட்டி

தம்பி: "முடிஞ்சிருச்சுண்ணே. இன்னும் மயக்கத்துலதான் இருக்காரு."

நவம்பர் 29, வெள்ளி

ட்ரக்கி. பனி.

டானர் ஏரிக்கு மேலே ஏறும்போது அப்பாவே பேசினார். அங்கே ராத்திரி பதினொன்றரை. வலியில் தூக்கம் வரவில்லையாம். குரல் கம்மியாக இருந்தது. மணல் வேகன்களைச் சொன்னேன். "எத்தனை வேகன்?" எண்ணவில்லையே என்றேன். "எண்ணிருக்கணும்ப்பா." கொஞ்ச நேரம் மூச்சுதான் கேட்டது. அப்புறம், "கடைசி வண்டியில பலகை இருக்கா?"

பதில் சொல்வதற்குள் சுரங்கம்.